படல் மாற்றும் கணக்கு: பன்றிப் பண்ணைக் கழிவும் நொய்யல் தந்த பாடமும்

(காங்கயம் வட்டாரக் கால்நடை வளர்ப்போர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பிறந்த தோட்டம் நொய்யல் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் சின்ன வயதில் ஆண்டுதோறும் அங்கே பட்டி போடுவார்கள். சோளத்தட்டு அறுத்து முடிந்த காட்டுக்குள் செம்மறிகளை ஓட்டிவந்து, மூங்கில் படல்களை வட்டமாகக் கட்டி, ராத்திரி முழுக்க உள்ளே அடைப்பார்கள். விடிந்ததும் படலைப் பிரித்து அடுத்த இடத்தில் கட்டவேண்டும். ஒரு வருஷம் அடைமழை. படல் மாற்ற ஆளில்லாமல் ஆடுகள் மூன்று ராத்திரி ஒரே இடத்தில் கிடந்துவிட்டன. "எரு நல்லதுதான். ஆனா அந்த எடம் இந்த வருஷம் வெளங்காது" என்றார் அப்பாரு. அவர் சொன்னபடியே ஆயிற்று. அந்த வட்டத்தில் மட்டும் சோளம் கரும்பச்சையாக ஆளுயரத்துக்கு மேல் போய், கதிர் பிடிக்காமல் காற்றுக்குச் சாய்ந்து கிடந்தது.

நான் படித்த வேதியியலும், இத்தனை வருஷமாக மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக் கற்றதும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எருவையும் நஞ்சையும் பிரித்துக் காட்டுவது பொருளின் பெயரல்ல, அளவு. அந்த அளவை அறிய, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். பன்றிக் கொட்டகையிலிருந்து வழியும் கழிவை, நாம் எல்லோரும் ஸ்லரி என்று சொல்லும் அந்தக் குழம்பை, இந்த ஒரு கண் கொண்டுதான் இன்று பார்க்கப்போகிறேன்.

மழை பொய்த்து, கிணறு வற்றி, பண்ணயம் கட்டுப்படியாகாத ஊரில் வெண்பன்றி வளர்ப்பு இளைஞர்களுக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. திருப்பூர் மாதிரி ஒரு தொழில் நகரம் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டல், விடுதி, கேன்டீன் சாப்பாட்டு மிச்சம் தீவனமாகக் கிடைக்கிறது. வீணாகும் சோறு இறைச்சியாக மாறுவது நல்ல காரியம். ஆனால் கொட்டகைக்குப் பின்பக்கம் வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை இந்த ஊர்க்காரர்கள் கேட்காமல் விடக் கூடாது. கேட்காமல் விட்டதன் விலை என்ன என்று நமக்குத் தெரிந்த அளவுக்கு நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மூன்று அடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே தவிட்டுத் தோலும் மயிரும் மிதக்கும். நடுவில் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். அடியில் செரிக்காத தீவனத் துகளும் மணலும் சேர்ந்த சேறு. ஆயிரம் லிட்டர் ஸ்லரியில் 950 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர்தான். மிச்சத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

அதிகம் தண்ணீர் கலக்காத ஸ்லரியில், ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 கிலோ தழைச்சத்து இருக்கும். அதில் பாதிக்கு மேல் அம்மோனிய வடிவத்தில், பெரும்பாலும் அந்த நடு அடுக்குத் தண்ணீரில் இருக்கிறது. பன்றியின் மூத்திரத்தில் வெளியேறும் யூரியாதான் தரையில் கிடக்கும் சாணத்து நுண்ணுயிர்களால் உடைந்து அம்மோனியா ஆகிறது. கொட்டகைக்குள் கண் எரிகிறதே, அது உங்கள் தழைச்சத்து பறந்துபோகிற எரிச்சல். மணிச்சத்து பெரும்பாலும் அடிச் சேற்றில் தங்கும். சாம்பல்சத்தும் உப்பும் தண்ணீரோடு ஓடும். தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்த்திருந்தால் அவையும் மெல்லிய சேற்றோடு ஒட்டிக்கொண்டு வரும்.

உரக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். 5,000 லிட்டர் டேங்கர் நிறைய நல்ல ஸ்லரி ஓடுகிறது என்றால், ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா ஓடுகிறது என்று பொருள். அதை ஓடையில் திறந்துவிடுகிறவர் தன் மடியில் இருப்பதை ஓடையில் கொட்டுகிறார்.

ஓடைக்கு அது உரமாகவும் ஆவதில்லை. அழுகும் பொருள் எதுவானாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்க்காற்றைக் குடித்துத்தான் அழுகும். அந்தத் தாகத்தை அளக்கும் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். பன்றி ஸ்லரியில் 20,000 முதல் 30,000 மில்லிகிராம். ஆற்றிலோ குளத்திலோ விடும் கழிவுநீரில் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. நம் வெயிலில் நல்ல ஆற்றுத் தண்ணீரிலேயே ஒரு லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் ஸ்லரி, சுமார் 3,000 லிட்டர் ஆற்றுத் தண்ணீரின் மூச்சை நிறுத்தப் போதும். இரண்டு வாளி விழுந்தாலும் குட்டை மீன் செத்து மிதப்பது இதனால்தான்.

ஆக, ஸ்லரியில் இருப்பதை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அழுகுவது ஒன்று, பயிருக்கு ஊட்டுவது ஒன்று, எதுவும் ஆகாமல் தங்குவது ஒன்று. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகமல்ல, நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு இது. இதன் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கினார்கள், கல்மணிகள் செய்தார்கள். தொழிலும் ஆறும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அந்த மண்மேடே சாட்சி. அந்தக் கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் என்று நம்பிக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் தேங்கும் தொட்டியாகிப் போனது.

அந்தத் தண்ணீரில் இருந்தது என்ன? பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறவேண்டுமென்றால் உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி என்று வையுங்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பில் ஒரு துளிகூடத் துணியோடு போகாது. அவ்வளவும் தண்ணீரில்தான் வரும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைக் கசடாகப் படியவைத்தார்கள். நிறம் தெளிந்தது, பார்க்கிறவர்களுக்கும் நிம்மதி. உப்பு அப்படியே இருந்தது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஆனால் நிறத்தை எடுக்கும் வைத்தியத்துக்கும் உப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆற்றங்கரைக் கிணறுகளில் அந்த உப்பு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் சுண்டினால் அடியில் வெள்ளையாகப் படியும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகும். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பனியன் கம்பெனியில் கூலி வாங்கிய குடும்பங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். கடைசியில்தான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை வந்தது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு, அதன்மேல் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்குவது, சோடியம் சல்பேட்டை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புவது. உலகமே வந்து பார்க்கும் ஏற்பாடு இது, பெருமைதான். ஆனால் அதற்கு எரியும் விறகையும் கரண்டையும் கேளுங்கள். கலந்துபோன உப்பையும் கசடையும் எங்கே வைப்பது என்ற கவலையைக் கேளுங்கள். உள்ளே சுலபமாகக் கலந்துவிடும் உப்பை வெளியே பிரித்தெடுக்க ஆகும் செலவு எவ்வளவு என்று திருப்பூர் சொல்லும்.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்லரிக்கு வருவோம்.

அழுகுவதற்கு வைத்தியம் சாண எரிவாயுக் கலன். காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் அந்த அழுகலை உள்ளேயே முடித்து எரிவாயுவாகத் தருகின்றன. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு மீத்தேன். அடுப்பு எரியும், நாற்றம் குறையும், பி.ஓ.டி. பெருமளவு இறங்கும். கட்டாயம் வையுங்கள். ஆனால் இங்கேதான் பழைய தவறு திரும்ப நடக்கிறது. "கேஸ் பிளான்ட் போட்டாச்சு, அதுல வர்ற தண்ணி சுத்தமானது" என்று ஓடையில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிவாயுவாகப் போவது கரிமம் மட்டும். தழைச்சத்து, மணிச்சத்து, உப்பு, தாமிரம் எல்லாம் உள்ளே போன அளவே வெளியே வரும். இன்னும் சொன்னால், கலனைக் கடந்த ஸ்லரியில் அம்மோனியாவின் பங்கு முன்பைவிடக் கூடுதல். நிறம் போனதும் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அன்று நம்பினோம். நாற்றம் போனதும் அதையே நம்பினால் இரண்டாவது முறையும் ஏமாறுவோம்.

ஊட்டுவதற்கு வைத்தியம் நிலம். எவ்வளவு நிலம்? இறைச்சிக்கு வளரும் ஒரு பன்றிக்கான இடத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10 கிலோ தழைச்சத்து வெளியேறும். நூறு பன்றிக்கு ஆயிரம் கிலோ. யூரியாவில் 48 மூட்டை. ஐரோப்பாவில் நெதர்லாந்து போன்ற நாடுகளில் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் பன்றி பெருகி, நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறிய பிறகு, 1991-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கால்நடை எருவிலிருந்து ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடக் கூடாது. ஏக்கருக்கு அது 69 கிலோ. கொட்டகையிலேயே அம்மோனியாவாகப் பறப்பது போக மிச்சத்தைக் கணக்கிட்டாலும், நூறு பன்றிக்குப் பத்து முதல் பதினைந்து ஏக்கர் வேண்டும். ஐம்பது சென்ட்டில் முந்நூறு பன்றி வைத்தால் அந்தக் கழிவு அந்த இடத்துக்கு எருவாக இருக்காது. மூன்று ராத்திரி படல் மாற்றாமல் விட்ட கதைதான், இங்கே முந்நூறு ராத்திரி.

பயிருக்கு மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கும். நம் நிலத்தில் மேலே கொஞ்சம் செம்மண், கீழே பாறை. பாறை வெடிப்பு வழியாகத்தான் கிணற்றுக்கு ஊற்று வருகிறது. நைட்ரேட்டுக்கும் அதே வழிதான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு அதற்கு மேல் போனால் ரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் சக்தியே குறையும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அந்த வகையில் சாயத்தைவிட மோசமான விருந்தாளி.

நிலம் போதாதவர் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசுங்கள். கம்பு நேப்பியர் தீவனப்புல் கோ-4, கோ-5 போட்டிருப்பவருக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். அறுக்க அறுக்கத் துளிர்க்கும் புல் அது. மாட்டுக்காரருக்கு உரச் செலவு மிச்சம், உங்களுக்குத் தொட்டி காலி. சாயங்காலம் விட்டு உடனே மண்ணோடு சேர்த்துவிடுங்கள். உச்சி வெயிலில் தெளித்துவிட்டுப் போனால் தழைச்சத்தில் பெரும்பங்கு காற்றோடு போகும். மழை கட்டிக்கொண்டு வரும்போது விடவே விடாதீர்கள்.

அடிச் சேற்றுக்கு இந்தக் காங்கயத்திலேயே ஒரு துணை இருக்கிறது: தென்னை நார்த்தூள். மில் வாசல்களில் மலைபோல் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதால் தானாக மக்காது. பன்றிச் சாணத்தில் அந்த விகிதம் பதினைந்துக்கும் கீழே. அதனால் அது நாறி அழுகும். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். குவியலின் உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறும். அந்தச் சூட்டில் குடற்புழு முட்டைகளும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியும் மடியும்.

இனி மூன்றாவது, தங்குவது. இதற்கு வைத்தியம் வாசலில்தான் இருக்கிறது. உள்ளே விடாமல் இருப்பதே வைத்தியம். சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் கலந்த ஓட்டல் மிச்சத்தில் உப்பு நிறைய. பன்றி குடிக்கும் போர்த் தண்ணீரும் உப்பாக இருந்தால் ஸ்லரி இன்னும் உப்பாகும். அதை வருஷக்கணக்காக ஒரே காட்டில் விட்டால், சாயப்பட்டறையே இல்லாத ஊரிலும் ஒரு சின்ன நொய்யலை நாமே உண்டாக்கிவிடுவோம். சோற்றை வடித்து, ஊறுகாய் அப்பள வகைகளை ஒதுக்கி, உப்பில்லாத தவிடு, தானியத்தோடு கலந்து போடுங்கள். நன்றாகக் கொதிக்கவைக்காமல் போடவே போடாதீர்கள். 2020-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவில் தெரியவந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு வேகாத இறைச்சித் துண்டு ஒன்றே போதும், கொட்டகை முழுவதும் போய்விடும்.

குட்டிகளின் கழிச்சலுக்கு அளவுக்கு மேல் துத்தநாக ஆக்சைடு, சீக்கிரம் எடை கூடத் தாமிர சல்பேட் என்று கலக்கும் பழக்கமும் உண்டு. குட்டி உடம்பில் சேர்வது சொற்பம். மிச்சம் சாணத்தில் வந்து உங்கள் மண்ணில் சேர்கிறது. மண்ணிலிருந்து அதை எடுக்க எளிய வழி எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. மணிச்சத்துக்கும் ஒரு வாசல் வைத்தியம் உண்டு. தானியத்திலும் தவிட்டிலும் இருக்கும் மணிச்சத்தில் பெரும்பகுதி பன்றிக்குச் செரிக்காது. பைட்டேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் கலந்தால் பன்றிக்கு அது உடம்பில் சேரும், சேற்றில் சேர்வது குறையும்.

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் மண் குழி வெட்டாதீர்கள். கான்கிரீட் போடுங்கள், இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் விரிப்பு விரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டில் விட முடியாத நாட்களுக்கும் தாங்கும் கொள்ளளவு வேண்டும். கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் விழக் கூடாது. கழுவுவதற்கு முன் சாணத்தை வழித்து எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். 1995 ஜூனில் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் ஒரு பன்றிப் பண்ணைக் கழிவுக் குளத்தின் கரை மழையில் உடைந்து, ஒன்பது கோடி லிட்டருக்கு மேல் நியூ ரிவர் ஆற்றில் பாய்ந்தது. மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பணக்கார நாடு, பெரிய குளம், பெரிய கரை. உடைவதற்கு ஒரு மழைக்காலம் போதுமாக இருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துப்போங்கள். மூடிய ஸ்லரித் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது. கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை இல்லை என்று தைரியமாக இறங்குகிறவர் அடுத்த நொடி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனும் விழுவார். மோட்டார் அடைத்துக்கொண்டால் மேலேயிருந்தே வெளியே இழுக்கிற மாதிரி முதலிலேயே அமைத்துவிடுங்கள். கூலிக்கு ஆள் வைத்து இறக்குவதும் பாவம்தான்.

நண்பர்களே, சாயப்பட்டறைக்காரர்கள் கெட்டவர்கள் என்றோ, நாம் நல்லவர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. அவர்களும் நம் மண்ணின் பிள்ளைகள்தான். பட்டறைக்கு இடம் பார்த்தார்கள், மெஷின் பார்த்தார்கள், ஆர்டர் பார்த்தார்கள். தண்ணீர் எங்கே போகும் என்பதைக் கடைசியில் பார்த்தார்கள். பார்த்தபோது ஆயிரக்கணக்கான கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. அவர்கள் கடைசியில் போட்ட கணக்கை நாம் முதலில் போடலாம். நம் அதிர்ஷ்டம், நம் கழிவில் பெரும்பகுதி மண் ஏற்றுக்கொள்ளும் பொருள். விறகு எரித்து உப்பைப் பிரித்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

ஆகவே நாளைக்குக் கொட்டகைக்கு அஸ்திவாரம் அளக்கப் போகும் தம்பிக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. முதலில் காட்டை அளந்துவிடு. உன் நிலம் எத்தனை ஏக்கர், பக்கத்தில் புல் போட்டிருக்கிறவர் எத்தனை ஏக்கர், அது எத்தனை பன்றியைத் தாங்கும் என்று ஒரு தாளில் எழுது. கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கே ஒரு முறை சோதித்து, கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று அதே தாளில் தேதியோடு குறித்து வை. வருஷம் ஒரு முறை சோதித்துப் பக்கத்தில் எழுது. எண் ஏறினால் பன்றியைக் குறை, இல்லையென்றால் நிலத்தைக் கூட்டு.

எழுதப் படிக்கத் தெரியாத பட்டிக்காரர் அந்தக் கணக்கை மூங்கில் படலில் போட்டார். தினமும் விடிந்ததும் பிரித்து, ஒரு பட்டி அகலம் தள்ளிக் கட்டினார். அவர் ஒரு நாளும் ஒரு கிணற்றைக் கெடுத்ததில்லை.